சுருதிப்பெட்டியில் இல்லாத ஓட்டை

விளக்கு வைத்து அரை மணி ஆகியிருக்கும். செலின் டீச்சர் வயலினில் சகானா ராகத்தை மெல்ல எடுத்தார். கூடவே அந்தச் சத்தமும் எழுந்தது. துணிக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல, மெலிசாக, விட்டுவிட்டு.

பரஞ்சோதியின் முகம் சுண்டியது. இது நாலாவது வெள்ளிக்கிழமை.

அரிசிக்கடை மாடியில் ஒற்றை அறை அது. இருபது பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். மைக் கிடையாது. வெள்ளிதோறும் டீச்சர் வாசிப்பார். ஒன்பது வருஷத்துக்கு முன் வயலின் கற்க வந்தவர் பரஞ்சோதி. தாலுகா ஆபீசில் முத்திரை குத்திக் குத்தி இறுகிப்போன விரல்கள், வளையவில்லை. "அப்போ கேட்கவாவது கத்துக்கறேன் டீச்சர்" என்று தங்கிவிட்டார். டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர். சுருதிப்பெட்டி போடுவது அவர் பொறுப்பு. ஒரு வெள்ளி தவறியதில்லை. யாராவது இருமினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். இருமினவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

முதல் வாரம், பெட்டியின் துருத்தியில் காற்று கசிகிறது என்று நினைத்தார். தோல் ஒட்டினார். அடுத்த வாரம் மெழுகு தடவினார். மூன்றாவது வாரம் முடிந்ததும் தஞ்சாவூர் வரை தூக்கிப்போய்ப் பிரித்துப் பூட்டிக் கொண்டுவந்தார். பழுது பார்த்தவர், "பெட்டியில ஒண்ணுமில்ல சார், உங்க காதுலதான் என்னமோ" என்றதிலிருந்து கோபம் இரட்டிப்பாயிருந்தது.

இந்த நாலாவது வெள்ளி மாலை, கூட்டம் சேருமுன்பே டீச்சரிடம் கேட்டிருந்தார்.

"டீச்சர், ஒன்பது வருஷமாச்சு. இன்னும் எனக்குக் கேட்க வரலைங்கறீங்க. எங்கே உட்கார்ந்தா சரியாக் கேட்கும்? அதையாவது சொல்லிடுங்க."

"இன்னைக்குச் சொல்றேன்."

"அந்தக் கதவையும் தாழ் போடச் சொல்லுங்க. ஒருக்களிச்சு வச்சா ஊர்ச் சத்தமெல்லாம் உள்ளே வருது."

"தாழ் வேண்டாம்."

"ஏன்?"

டீச்சர் தந்தியை முறுக்கினார். "உள்ளே வர வேண்டியவங்க ஒருத்தர் பாக்கி."

"ரசிகர்னா நேரத்துக்கு வரணும் டீச்சர்!"

இப்போது மறுபடி முனகல். பரஞ்சோதி பெட்டியில் காதை வைத்தார். பெட்டி சுத்தமாகப் பேசியது. சத்தம் கதவுக்கு வெளியிலிருந்து வந்தது.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். சுருதி அறுந்தது. வில் நின்றது. உதைக்காத குறையாகக் கதவைத் தள்ளினார்.

மேல்படியில், இருட்டில், ஒரு பெண். மடியில் ஒரு வயசுக் குழந்தை. முந்தானையைச் சுருட்டி அதன் வாயைப் பொத்தியிருந்தாள்.

"ஏம்மா, இது கச்சேரி நடக்கிற இடமா, தொட்டில் கட்டற இடமா? நாலு வாரமா நீதானா? உன்னால பெட்டியையே பிரிச்சுப் போட்டேனே! பிள்ளையைத் தூக்கிட்டு இறங்கு!"

"ஐயா, கும்பிடறேன், மெதுவாப் பேசுங்க…"

"நான் மெதுவாப் பேசணுமா? நீ சொல்லி? இறங்குங்கறேன்ல!"

முந்தானை நழுவியது. குழந்தை வீறிட்டது.

கீழே தெருவில் போய்க்கொண்டிருந்த செருப்புச் சத்தம் நின்றது.

"அடியே விமலி! இங்கதான் ஒளிஞ்சிருக்கியா? வீட்ல அடி வாங்கப் பயந்துக்கிட்டு மகாராணி கச்சேரி கேட்கறாங்களோ? இரு, வர்றேன்!"

குடித்த குரல்.

அவள் எழவில்லை. குழந்தையை நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டு பரஞ்சோதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

டீச்சர் கையில் வில்லோடு வந்தார். முகம் சிவந்திருந்தது. அவளைத் தூக்கி நிறுத்தி, தோளை அணைத்து உள்ளே அனுப்பினார். "யாராவது ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க" என்றார் அறையைப் பார்த்து.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"போன வாரம் தெரிஞ்சது. வெள்ளிக்கிழமை அவ புருஷன் குடிக்கிற நாள். பக்கத்துல ஆள் இருக்கிற இடம்னு இங்க வந்து உட்கார்றா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா. சரின்னு, உள்ளேயாவது வான்னேன்."

"வந்திருக்கலாமே. ஏன் வரலை?"

"பிள்ளை அழுதா அந்தப் பெட்டிக்காரப் பெரியவர் கத்துவாராம்."

கீழே படியில் ஒரு காலடி விழுந்தது. கொஞ்சம் தடுமாறி, அடுத்தது.

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டார்.

"கோபம் மிச்சமிருக்கா?" என்றார் டீச்சர்.

"இருக்கு."

"எங்கே உட்கார்ந்தா சரியாக் கேட்கும்னு கேட்டீங்களே." அந்தப் பெண் உட்கார்ந்திருந்த படியை வில்லால் காட்டினார். "இங்கே."

பரஞ்சோதி உட்கார்ந்தார். பிள்ளை நனைத்த படி இன்னும் ஈரமாக, சூடாக இருந்தது. குறுகலான படி. முழங்கால்களை அகட்டியதும் இரண்டு பக்கமும் சுவர் இடித்தது; வழி அடைபட்டது.

முதுகுக்குப் பின்னால் டீச்சர் உள்ளே போனார்; உள்ளிருந்து தாழ் விழுந்தது.