எனக்கும் ஞானத்துக்கும் நடுவில் ஒரு கார்ட்லெஸ் போன்

"அம்மா, எனக்கும் ஞானத்துக்கும் நடுவுல ஒரு கார்ட்லெஸ் போன் நிக்குது."

ஆவுடையப்பன் பாளையங்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து தென்காசியில் இறங்கும்வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. நன்றாகவே வந்தது.

அங்கயற்கண்ணி அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் குரு. ஆவுடையப்பன் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். குருவுக்கு அவருடைய கடைசித் தங்கையின் வயது. இருந்தும் அம்மா என்றுதான் அழைத்தார். இதில் விசித்திரம் எதுவும் இல்லை. தொட்டிலில் கிடக்கும் பெண் குழந்தையையே நாம் அப்படித்தான் அழைக்கிறோம்.

"நின்னு என்ன செய்யுது?" என்றாள் குரு.

"உங்களை நிறுத்திருது."

"என்னையா?"

"திரையிலம்மா."

"அதைச் சொல்லுங்க."

அம்மாள் தினமும் காலை ஆறு மணிக்கு இணையத்தில் பாடம் நடத்துவாள். எங்கெங்கோ இருப்பவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து கேட்பார்கள். முடிக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கும்பிடுவாள். அதைத் திரும்பச் சொல்ல மாட்டாள். பதிவு செய்யக் கூடாது. அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கூடாது. பாடம் முழுக்க அந்த வாக்கியத்துக்கு ஏறும் படிக்கட்டு என்பது சீடர்களின் நம்பிக்கை.

"அது வர்ற நேரம் பார்த்துப் போன் அடிக்குது. நீங்க வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்னுடுறீங்க. போன வாரம் 'தன்னை அறிந்தவன்' வரைக்கும் கேட்டுச்சு. அறிஞ்சவன் என்ன ஆனான்னு தெரியலை."

"முக்கால்வாசிப் பேர் அங்கேதான் நிக்கிறாங்க, சார்."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. அவருக்கு இதயத்தில் அடைப்பு நீக்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்னொரு பாடத்தொடர் தொடங்கி முடியும்வரை காத்திருக்கும் தைரியம் அவரிடம் இல்லை. இந்தத் தொடரோ மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

"வைஃபையும் அந்தப் போனும் காத்துல ஒரே அலைவரிசையில பேசுதாம்மா. ரெண்டும் மோதுதாம். இன்டர்நெட்காரர் சொன்னார்."

"ரெண்டும் வீட்டுல எங்கே இருக்கு?"

"கூடத்துல. ஒரே ஸ்டூல்ல, ஒட்டினாப்பல."

"விலக்கி வைங்க."

அவ்வளவுதான். ஒரு சூத்திரமாவது சொல்வாள் என்று எதிர்பார்த்து வந்தவர் கீரைக் காம்புகளைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

*

விலக்கி வைத்தார். ரூட்டர் ஸ்டூலிலேயே இருந்தது. போனுக்கு நீளமாக ஒயர் இழுத்து, அதைச் சார்ஜில் வைக்கும் தொட்டிலோடு அடுக்களை மேடைக்குக் கொண்டுபோனார்.

அவர் மனைவி பிரம்மநாயகி கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள். (பிரம்மத்தைத் தேடிய அந்த மனிதருக்கு, தினமும் காபி கொடுப்பது யார் என்று எண்ணி ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.)

"இது எதுக்கு இங்க?"

"நீ இங்கதானே இருக்கே. ஓடி வர வேண்டாம்."

"அப்பம் மிக்ஸியை எங்க வைக்க?"

ஞானம் தேடுகிறவர்களிடம் மிக்ஸி பற்றிய பதில்கள் இருப்பதில்லை.

மறுநாள் குரு நிற்கவில்லை, திக்கினாள். அதற்கு மறுநாள் நின்றாள்.

*

"விலக்கிட்டேன்ம்மா. இன்னும் நிக்கிறீங்க."

அம்மாள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எதை விலக்கினீங்க?"

"போனை."

"ம்." ஒரு தலையணை உறையை உதறினாள். "ஒரே தெருவுல ரெண்டு வண்டி முட்டிக்குதுன்னா ஒண்ணு வேற தெருவுல போகலாம்ல?"

ஆவுடையப்பன் துள்ளிக்கொண்டு ஊர் திரும்பினார். கல்லூரியில் கணினி கற்பிக்கும் நண்பரைக் கூட்டிவந்து ரூட்டரின் சேனலை மாற்றினார். பயன் இல்லை. அந்தப் போன் ஒரே சேனலில் நிற்கும் ஜாதி இல்லை. ஒரு நொடிக்குள் பல சேனல்களில் தத்தித் தாவும் ஜாதி. எந்தத் தெருவில் போனாலும் எதிரே வரும். (இந்த இடத்தில் குரங்கையும் மனத்தையும் உவமை சொல்லலாம். அந்தக் குரங்கு ஏற்கெனவே நிறைய உழைத்துவிட்டது; விட்டுவிடுவோம்.)

விஷயம் தெரிந்த வாசகர் கேட்பார்: ரூட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்திருக்கலாமே?

இழுத்திருக்கலாம். முக்தி தேடுகிறவர்கள் பொதுவாக எலக்ட்ரிக் கடைக்குப் போவதில்லை.

*

மூன்றாம் முறை வந்தபோது வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

"போனைத் தூக்கிப் போட்டுரலாம்னு இருக்கேன்ம்மா."

"யாரு பேசுற போன்?"

"வீட்டுக்காரி. அவ அக்கா தூத்துக்குடியில படுத்த படுக்கையா இருக்கா. தொண்டையில ஆபரேஷன். காலையில மருந்து கொடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பேச வருமாம், அப்புறம் தூங்கிருவா. அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவா."

"செல்லுல கூப்பிடச் சொல்றது?"

"சொல்லியாச்சு. அவளுக்கு மனப்பாடமா இருக்கிற நம்பர் எங்க வீட்டுப் பழைய நம்பர் ஒண்ணுதான்."

"ரெண்டு பேரும் என்ன பேசிக்குவாங்க?"

"தெரியாதும்மா."

அம்மாள் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். பிறகு மறுபடியும் துருவினாள்.

"வெள்ளிக்கிழமை காலையில அந்தப் போன் உங்க கையில இருக்கட்டும்."

குருவே உத்தரவு கொடுத்துவிட்டாள். பஸ் பாவூர்சத்திரம் தாண்டும்வரை அவருக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

*

வெள்ளிக்கிழமை. குளித்து, திருநீறு பூசி, அடுக்களைக்குப் போய்ப் போனைத் தொட்டிலிலிருந்து எடுத்தார்.

"எங்க கொண்டு போறிய?" என்றாள் பிரம்மநாயகி.

"இன்னைக்கு ஒருநாள் என்கிட்ட இருக்கட்டும்."

"அக்கா கூப்பிடுவா."

"நான் சொல்லிக்கிடுதேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

கூடத்தில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். முன்னால் லேப்டாப், மடியில் போன். பாடம் ஆற்று நீர்போல ஓடியது. ஒரு சொல் பிசகவில்லை. குரு புடவை ஓரத்தில் முகம் துடைத்துக்கொள்வதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"இத்தோட முடிச்சுக்குவோம்," என்றாள் திரையில். "இனி ஒரு வாக்கியம்."

போன் அடித்தது.

குரு நின்றாள். வாய் இன்னும் திறக்கவில்லை.

பிறகு கூப்பிடுங்க என்று சொல்லி வைத்துவிடலாம், இரண்டே சொல். பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தார்.

வெண்கலப் பானையை மணல் போட்டுத் தேய்ப்பதுபோல ஒரு கரகரப்பு. வேறு ஒன்றும் இல்லை.

"மதினி, நாந்தான். பிறகு…"

கரகரப்பு. அதற்கு அடியில், வெகு ஆழத்தில், ஏதோ ஒன்று. அவர் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டார்.

"…ட்டி, பிரம்மு… இன்னைக்காவது… கேக்குதா?"

அவர் தலையைத் தூக்கி ஸ்டூலைப் பார்த்தார். ரூட்டரின் பச்சை விளக்குகள் விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"மதினி! கேக்குது, சொல்லுங்க!"

அவர் சொன்னது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

"…கேக்கலையோ… சரிட்டி… நாளைக்குப் பாக்கேன்…"

திரை ஒரு குலுக்கல் குலுங்கி உயிர் பெற்றது. குரு நேராக அவரையே பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"மதினி, வச்சுராதீங்க!" என்று கத்தியபடி ஆவுடையப்பன் கையை நீட்டி ரூட்டரின் சுவிட்சை அணைத்தார்.

கரகரப்பு பட்டென்று அறுந்தது. அத்தனை நிசப்தத்தில் ஒரு மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மூச்சைப்போல.

அவர் எழுந்து அடுக்களைக்கு நடந்தார். போனை நீட்டினார்.

பிரம்மநாயகி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். காதில் வைத்ததும் பழக்கத்தில் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்: "அக்கா! ஒண்ணும் கேக்கல! சத்தமாப் பேசு!"

பிறகு நிறுத்தினாள்.

அவள் முகம் மாறுவதை ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அக்கா," என்றாள். "உன் குரல் இவ்வளவுதான் இருக்கா?"

சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஆவுடையப்பன் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரைச் சத்தம் வராமல் இறக்கி வைத்தார்.