ஒன்பது குரல்களும் ஒரு பலகையும்

உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, உட்காராமல் ஓடும் பிள்ளைகளே, ராஜாக்கள் முரசடித்துச் சேதி சொன்ன காலத்துக் கதை இது. பனங்காடு சூழ்ந்த ஒரு கடலோர ஊரில் மாசிலாமணி என்றொரு வணிகர் இருந்தார். பெயரில்தான் மாசில்லை, மனசு முழுக்கச் சந்தேகம். தன் நிழல் எதற்காகப் பின்னாலேயே வருகிறது என்று அதையும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்குப் பனங்கற்கண்டு வியாபாரம். கொட்டகையில் ஒன்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பாகு உறைந்த பானைகளை உடைத்து, கற்கண்டைப் பிரித்தெடுப்பார்கள். கைக்குள் இனிப்பு, கைக்குப் பக்கத்தில் வாய். மாசிலாமணிக்கு நிம்மதி ஏது? ஒரு சட்டம் போட்டார். வேலை முடியும்வரை ஒன்பது பேரும் உரக்கப் பாட வேண்டும். பாடுகிற வாய் தின்னாது என்பது அவர் கணக்கு.

கொட்டகைக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒரு பழைய கிணறு, பலகை போட்டு மூடியிருந்தது. பலகைமேல் ஏறி நின்றால் சுவரில் இருந்த ஓட்டை காதுக்கு நேராக வரும். தினமும் அங்கே நின்று குரல்களை எண்ணுவார். ஒன்பது இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் எட்டுக் குரல்தான் கேட்டது. உள்ளே பாய்ந்தார். இசக்கியம்மை பாட்டை நிறுத்தியிருந்தாள்.

"வாயைத் திற."

திறந்தாள். ஒன்றுமில்லை. இருமல் வந்ததாகச் சொன்னாள். விழுங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார் மாசிலாமணி.

மறுநாளும் எட்டு. மறுபடி இசக்கியம்மைதான். வாயைத் திறந்தாள். நாக்கு வறண்டு கிடந்தது. ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

"மூணாம் தடவை நிறுத்தினால் உனக்கு இங்கே வேலை இல்லை" என்றார். வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் புருஷனை நினைத்து அவள் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் அவளே அவரிடம் வந்தாள். "மொதலாளி, பின்னால கெணத்துப் பலக இத்துப் போச்சு. அதுல கால வச்சிராதீய."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. நான் நிற்கும் இடம் இவளுக்கு எப்படித் தெரியும்? என்னை அங்கிருந்து கிளப்பப் பார்க்கிறாளே! இன்றைக்கு என்னவோ திட்டம் இருக்கிறது. நேரே போய் அதே பலகையில் ஏறினார்.

பலகை முறிந்தது.

பாதிக் கிணற்றில் ஓர் அரசஞ்செடியின் வேர் கையில் சிக்கியது. கீழே கறுப்பாகத் தண்ணீர். அவருக்கு நீச்சல் தெரியாது. "காப்பாத்துங்க" என்று கத்தினார். கொட்டகையில் பாட்டு ஓங்கி ஒலித்தது. மறுபடி கத்தினார். பாட்டு இன்னும் ஓங்கியது. மூன்றாவது தடவை கத்தியபோது குரல் கம்மிவிட்டது. ஒரு கை நழுவியது. பழக்கதோஷம், அந்த நேரத்திலும் எண்ணினார். ஒன்பது. ஒன்பது. ஒன்பது. தான் போட்ட சட்டமே தன்னைக் கொல்லப் போகிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

பிறகு, எட்டு.

யாரோ பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அந்த எட்டைக் கேட்டு மாசிலாமணி அழுதே விட்டார்.

தாம்புக்கயிறு இறங்கியது. ஒன்பது பெண்களும் சேர்ந்து இழுத்து அவரைக் கரையேற்றினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே இசக்கியம்மை நின்றாள். அவர் கேட்காமலேயே வாயைத் திறந்து காட்டினாள்.

"நிறுத்திப்புட்டேன் மொதலாளி. சத்தம் ஒண்ணு கேட்டாப்புல இருந்துச்சு. வாயில ஒண்ணும் இல்ல, பாத்துக்கிடுங்க."

அவள் பின்னால் மற்ற எட்டுப் பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

மாசிலாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மூடிக்கோங்க தாயி" என்று கும்பிட்டார். உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து முதலில் இசக்கியம்மைக்குக் கொடுத்தார். பிறகு இருப்பதிலேயே பெரிய கற்கண்டுகளாகப் பொறுக்கி ஒன்பது பேர் கையிலும் வைத்தார். "இங்கேயே, என் முன்னாலேயே தின்னுங்க" என்றார். அன்று வெகுநேரம் அந்தக் கொட்டகையில் பாட்டே கேட்கவில்லை.

ஆகவே, தனக்காக உழைப்பவர்களைச் சந்தேகத்தோடு காவல் காப்பவனைவிட, அவர்களை நன்றியோடும் இரக்கத்தோடும் நடத்துகிறவனே பத்திரமாக வாழ்வான்.