நெட்டக்காலி குலுங்கின கதை

அந்தக் காலத்துலன்னு சொன்னதுமே முதுக நிமித்தி உக்காந்துட்டீய. ராஜா வருவாரு, குதிர வரும், பூதம் வாயப் பொளந்துட்டு நிக்கும்னு நெனப்பு. ஒண்ணும் வராது. இது சிலந்திக் கதை. சிலந்தின்னதும் அடுத்த நெனப்பு என்னன்னும் தெரியும். விழும், எந்திரிக்கும், திரும்ப விழும், கடைசில ஜெயிக்கும், நாமளும் அது மாதிரி முயற்சி பண்ணணும். அதுவும் கெடையாது. இந்தச் சிலந்தி ஒரு தடவகூட விழல. விழாம இருக்க அவ பட்ட பாடுதான் கதை.

அந்தக் காலத்துல எல்லா உசுருக்கும் பேச்சு இருந்துச்சு. கொம்பையான்னு காட்டுல வெள்ளாம பாக்குற ஒரு சம்சாரி, அவன் பொண்டாட்டி மாடத்தி. அவங்க வீட்டு அடுப்படியில, கூரையும் சொவரும் சேருற மூலையில, நெட்டக்காலி குடியிருந்தா. ஒடம்பு ஒரு நெல்லு அளவுதான். எட்டு காலும் மயிரு மாதிரி மெலிசு, நீளம். வாய் மட்டும் ஊரு அளவு. மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியும்லா. தெரிஞ்சத எல்லாம் சொல்லுவா.

"மாடத்தி, பால் பொங்குது."

"மாடத்தி, பூன வருது, மீன மூடு."

"மாடத்தி, ஒம்புருசன் தலையில என்னமோ தூக்கிட்டு வாரான். திரும்பவும் குப்பதான்."

அந்தச் சத்தம் இல்லாம மாடத்திக்கு ஒரு வேல ஓடாது.

குப்பன்னு அவ சொன்னது பொய் இல்ல. கொம்பையாவுக்கு எதையும் தூரப் போட மனசு வராது. கிழிஞ்ச சாக்கு, ஒடஞ்ச நொகத்தடி, கயித்துத் துண்டு, மூக்கு போன கெண்டி, அடி போன ஓலக் கடகப்பெட்டி, எல்லாம் வாசக்கதவுக்குப் பின்னால குமிஞ்சு கெடக்கும். ஏன்னு கேட்டா ஒரே பதில்: "ஒரு நாளைக்கு ஆகும்." மூணு வருசமா மாடத்தி வாருகோலோட அந்தப் பக்கம் போவா, மூணு வருசமா அவன் பாஞ்சு வருவான். "ஏட்டி, அதுல கை வைக்காத. ஆகும்."

காட்டுல இருந்து வந்ததும் தோளுல கெடக்குற துண்ட அந்தக் குமியல் மேல விட்டெறிவான். காலையில அதையே எடுத்துத் தோளுல போட்டுட்டுப் போயிருவான். மடக்குறது, கொடியில போடுறது எல்லாம் அவனுக்குத் தெரியாத வித்த.

அந்தக் குமியலுக்குள்ள தவிட்டான் இருந்தான். அவனும் சிலந்திதான். தவிட்டு நெறம், தட்ட ஒடம்பு, குட்டக் காலு. வலை கட்டி நாலு பேரு பாக்க உக்காருற ரகம் இல்ல. வெளிச்சம் பட்டா ஓட்டம், துணி மடிப்பு கெடச்சா தூக்கம். குரல் மட்டும் கல்யாண வீட்டுல ரெண்டாம் பந்திக்கு எடம் கேக்குறவன் மாதிரி அம்புட்டுப் பணிவு.

ஐப்பசி மழை பெஞ்சு, வெதநெல்லு ஊறப் போடுற நேரம். நெட்டக்காலி முட்ட போட்டா. முப்பது முட்ட. தரையில வைக்கலாம்னா எறும்பு. சொவத்துல ஒட்டலாம்னா பல்லி. யோசிச்சு யோசிச்சுப் பாத்து, நூலால பொட்டலம் கட்டி வாயில கவ்விக்கிட்டா. அத விடப் பத்திரமான எடம் அந்த வீட்டுல கெடையாது. என்ன, பேச முடியாது. வாயத் தொறந்தா முப்பது பிள்ளையும் தரையில.

அன்னைக்குப் பால் பொங்குச்சு. பாத்துக்கிட்டே இருந்தா. சொல்ல முடியாம எட்டு காலும் துடிச்சுது. மொத தடவையா அந்த வீட்டு அடுப்புல பால் வழிஞ்சுது.

மாடத்தி அண்ணாந்து பாத்தா. "என்னட்டி, கோவமா? நான் என்ன செஞ்சேன்?"

பதில் இல்ல.

மறுநாள் காலையில கொம்பையா துண்ட எடுத்துத் தோளுல போட்டான். போட்ட கையோட, "ஆத்தி"ன்னான். பெடரியில சுருக்குன்னு ஒண்ணு. மாடத்தி வந்து பாத்தா: பக்கத்துப் பக்கத்துல ரெண்டு புள்ளி, சுத்திச் செவப்பு.

கடிச்சது எதுன்னு தேடணும்லா. மனுசன் கடிச்ச எடத்துலயா தேடுவான்? கண்ணுக்குத் தெரியுற எடத்துல தேடுவான். கொம்பையா அடுப்படிக்கு வந்து அண்ணாந்து பாத்தான். நெட்டக்காலி தொங்கிட்டு இருந்தா.

"இவதான்."

"இவளா?" மாடத்தி கேட்டா. "இவ இந்த மூலைய விட்டு எறங்கி நான் பாத்ததே இல்ல."

"எட்டு காலு பின்ன எதுக்கு இருக்கு, அழகுக்கா?"

ஒட்டடக் கம்ப எடுத்தான். வீட்டு முன்கட்டு, பட்டாசாலையில இருந்த வலை போச்சு. மாட்டுத் தொழுவுல இருந்த வலை போச்சு. அங்க இருந்த நெட்டக்காலியோட அக்கா தங்கச்சி எல்லாம் புளியமரத்துக்கு ஓடிப் போனாளுவ. அடுப்படிக்கு வந்தப்ப மாடத்தி கரண்டியோட நின்னா.

"இது என் அடுப்படி. இங்க எவ இருக்கணும்னு நான் சொல்லுவேன்."

கம்பச் சாத்திட்டான். ஆனா ஒரு விசயம் அவனுக்குத் தெரியாது. ஓடிப் போன அந்த அக்கா தங்கச்சி எல்லாம் அத்தன நாளும் புடிச்சுத் தின்னுட்டு இருந்தது தவிட்டானோட சொந்தக்காரங்களத்தான். வீட்டுக்கு இருந்த காவலத்தான் அவன் கம்பால சுருட்டி எறிஞ்சிருக்கான். இப்ப தவிட்டானுக்கு யாரு பயம்? மாப்பிள்ள மாதிரி உலாத்துனான்.

அதுக்கு மூணு நாள் கழிச்சு துண்ட எடுத்து மொகம் தொடச்சான் கொம்பையா. சுருக்குன்னுச்சு முன்னங்கையில. துண்டக் குமியல்லயே விட்டெறிஞ்சிட்டு உக்காந்துட்டான். மத்தியானத்துக்குள்ள மொழங்கை வரைக்கும் வீக்கம். அங்க வெதநெல்லு ஊறிக் கெடக்கு, இங்க இவன் ஊதிக் கெடக்கான்.

குத்தாலம்னு ஒரு வைத்தியர் வந்தாரு. ஆளு முருங்கக்காய், குரல் பானைக்குள்ள இருந்து வாரது மாதிரி. கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"எது கடிச்சுது?"

"சிலந்தி."

"எந்தச் சிலந்தி?"

கொம்பையா முழிச்சான். "சிலந்தியில எந்தச் சிலந்தின்னா? சிலந்திதான்."

"ஒரு வகைன்னா மஞ்சளும் குப்பமேனியும் அரச்சுப் போட்டா வத்திரும். இன்னொரு வகைன்னா பழுக்கக் காச்சிச் சூடு போடணும். கடிச்சதக் கண்ணால பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"பாக்க முடியலன்னா?"

"ரெண்டையும் செய்வேன்"னு சொல்லி, ஒரு அருவாள அடுப்புல சொருகினாரு.

அந்த நேரம் பாத்து பின்வாசல்ல பக்கத்து வீட்டு ஆவுட வந்து நின்னா, கையில கிண்ணம். தெனமும் பாலுக்கு ஒற ஊத்த மோர் கேட்டு வாரவ, கொம்பையா துண்ட எறியிற எடமும் அவளுக்குத் தெரியும். "மைனி, ஒறைக்கு ஒரு கரண்டி மோரு... என்ன அண்ணாச்சி, கையி இப்படி இருக்கு? அந்தத் துண்ட..."

"நீ பேசாம இரு ஆவுட"ன்னான் கொம்பையா.

ஆவுட கிண்ணத்த இடுப்புல வச்சுக்கிட்டு கதவு நெலையில சாஞ்சு நின்னா. மோரு கெடைக்காட்டியும் பரவாயில்ல.

கொம்பையா எடது கையால கம்ப எடுத்து நெட்டக்காலிக்கு நேரா நீட்டினான். "ஏ நெட்டக்காலி. இந்த வீட்டுல விடிஞ்சதுல இருந்து பொழுது அடையிற வரைக்கும் பேசிட்டு இருந்தவதான நீ? அஞ்சு நாளா வாயே தொறக்கல. தப்பு செஞ்சவதான் வாய மூடுவா. கடிச்சியா, இல்லையா? ஒரு வார்த்த சொல்லு."

இல்லன்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? கண்ணச் சிமிட்டுற நேரம். அந்த நேரத்துக்கு வாய் தொறக்கணும். நெட்டக்காலி கீழ பாத்தா. நேர் கீழ, ஒரு கோழி அண்ணாந்து பாத்துட்டு நின்னுச்சு.

அப்ப கதவு மூலையில இருந்து ஒரு குரல் வந்துச்சு. "அண்ணாச்சி, பெரியவங்க பேசுறப்ப குறுக்க வாரதுக்கு மன்னிக்கணும். அவதான். என் எட்டு கண்ணாலயும் பாத்தேன்."

யாரு பேசுனதுன்னு ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. தனக்குத் தோதாப் பேசுறவன் மொகத்த யாரு பாப்பா?

"சாட்சியும் ஆச்சு"ன்னான் கொம்பையா. கம்பு மேல போச்சு.

நெட்டக்காலிக்கு வாய் இல்ல. மிச்சம் இருந்தது ஒடம்புதான். எட்டு காலையும் வலையில ஊணிக்கிட்டு, ஒடம்ப அப்படியும் இப்படியும் குலுக்குனா. நான் இல்ல. நான் இல்ல. நான் இல்ல. குலுக்குன குலுக்குல வலையே ஆடுச்சு. ஆளு எங்க இருக்கான்னே தெரியல, ஒரு பொகை மாதிரி.

"நடுங்குதா பாத்தீரா?"ன்னான் கொம்பையா.

வைத்தியர் தலையாட்டினாரு. "கம்பால இழுக்காத, நசுங்கிரும். மொகம் தெரியணும் எனக்கு. கையால புடி."

ஆவுட வாயத் தொறந்தா. "அண்ணாச்சி, அந்தத் துண்டு..."

"பேசாம இருன்னேன்லா."

"யாரும் தொட வேண்டாம், நானே எறக்குதேன்"னு மாடத்தி ஒரு சிரட்டைய எடுத்துட்டு ஒரலு மேல ஏறுனா. கண்ணு கலங்கித்தான் ஏறுனா. மொகத்துக்கு நேரா நெட்டக்காலி. அஞ்சு நாளா இவ்வளவு கிட்டப் போய்ப் பாக்கலையேன்னு அப்பத்தான் தோணுச்சு. குலுக்கல் ஒரு நிமிசம் நின்னுச்சு. மாடத்தி பாத்தா. மாடத்தி திரும்பவும் பாத்தா.

"ஏங்க."

"என்ன?"

"வாய் நெறைய வெத்தல போட்டவ பேசுவாளா?"

"மாட்டா."

"கடிப்பாளா?"

"வெத்தலையத்தான் கடிப்பா. இப்ப எதுக்கு..."

"இவ வாய் நெறைய முட்ட வச்சிருக்கா. பால் பொங்கின அன்னையில இருந்து இவ வாய் பூட்டிக் கெடக்கு. ஒங்களக் கடிக்க எந்த வாயால வந்தா?"

கம்பு தானா எறங்குச்சு. "அப்ப என்னயக் கடிச்சது யாரு?"

அதக் கேட்டதும் நெட்டக்காலி திரும்பக் குலுங்க ஆரம்பிச்சா. மாடத்தி அவளையே பாத்துட்டு நின்னா. காலையில பாய இப்படித்தான உதறுதோம்னு நெனச்சா. ஆவுட சொல்ல வந்த துண்டையும் நெனச்சா. ஒரலு மேல இருந்து எறங்குனா. நேரா கதவுக்குப் பின்னால போயி, குமியல் மேல கெடந்த துண்ட ரெண்டு வெரலால தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டாந்து, ஒரே உதறு.

தவிட்டான் வைத்தியர் காலடியில விழுந்தான்.

வைத்தியர் கட்டில் மேல நின்னாரு. எப்ப ஏறுனாருன்னு யாரும் பாக்கல.

மாடத்தி சிரட்டையக் கவுத்தி மூடினா. வைத்தியர் எறங்கி, வேட்டியச் சரி பண்ணி, தொண்டையக் கனச்சு, சிரட்டைய ஒரு வெரல் அளவு தூக்கினாரு. தவிட்டான் இருட்டுப் பக்கமா ஓடுனான். "தவிட்டு நெறம். தட்ட ஒடம்பு. வெளிச்சத்தக் கண்டா ஓட்டம். வலையில உக்காராது, துணிக்குள்ள உக்காரும். இது மஞ்சள் அரச்சுப் போடுற வகை."

"சூடு?"

"வேண்டாம்."

அருவாள எடுத்துத் தண்ணியில விட்டாரு. சொய்ங்குன்னுச்சு. அந்த வாரம் பூரா அப்படி ஒரு இனிமையான சத்தம் கொம்பையா காதுல விழல. விட்ட பெருமூச்சுல அடுப்பு நல்லா எரிஞ்சுது.

சிரட்டைக்குள்ள இருந்து குரல் வந்துச்சு. "அண்ணாச்சி, ஒங்கள நான் தேடி வந்து கடிக்கல. சாக்குல தூங்குனேன், மேல துண்டு விழுந்துச்சு. துண்டுக்குள்ள தூங்குனேன், பெடரி வந்து அமுக்குச்சு. நசுங்குறவன் வேற என்ன செய்வான்?"

மாடத்தி சிரட்டைக்கு அடியில ஒரு பனவோலைய நுழைச்சு, அப்படியே தூக்கிட்டுப் போயி, வீட்டுக்கு வெளிய கல்லு வேலியில விட்டா. திரும்பி வந்து கதவு மூலையக் காட்டினா. "துணின்னா கொடியில கெடக்கணும். எடுத்தா உதறணும். இந்தக் குமியல் இன்னைக்கே வெளிய போகணும்." ஒடம்புல வீக்கத்தோட நிக்குறவன் என்ன எதுத்துப் பேசுவான்? சரின்னான்.

நாலு நாள்ல வீக்கம் வத்தி, கொம்பையா வேற நெல்லு ஊறப் போட்டு வெதைக்கப் போனான். புளியமரத்து அக்கா தங்கச்சி எல்லாம் வீடு திரும்புனாளுவ. முப்பது முட்டையும் பொரிஞ்சுது. வலை பூரா புள்ளி புள்ளியாப் பிள்ளைக. மாடத்தி அடுப்புல பால வச்சுட்டு, வேணும்னே மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னா, மேல இருந்து சத்தம் வரும்னு.

வரல. வாய் காலியாத்தான் இருந்துச்சு. ஆனா இத்தன வருசம் பேசுன பேச்ச விட்டுட்டு, பேசாத அஞ்சு நாளத்தான சாட்சியா வச்சாங்க. இனி பேச்சு வேண்டாம், இந்தக் குலுக்கலே போதும்னு நெட்டக்காலி இருந்துட்டா. பால் வழிஞ்சுது. மாடத்தி அடுப்பத் தொடச்சுட்டு மேல பாத்து, "சரிட்டி, இனி நானே பாத்துக்கிடுதேன்"னா.

அன்னைக்குத் தொடங்குன குலுக்கல் இன்னைக்கும் நிக்கல. ஒட்டடக் கம்பு கிட்ட வந்தாப் போதும், நான் இல்ல, நான் இல்லன்னு வலையோட ஆடுதா. அன்னைக்கு மாடத்தி உதறுன உதறத்தான் நாமளும் துணி எடுத்தா உதறுதோம். அப்படி வெளிய கொண்டு போய் விட்ட தவிட்டான் மட்டும் இன்னும் வீட்டுக்கு வீடு எப்படி இருக்கான்னு கேப்பீய. அதுக்குப் பத்து நாள் கழிச்சு வைத்தியர் கையப் பாக்க வந்த அன்னைக்குத்தான் போகணும்.

வைத்தியர் கதவுக்குப் பின்னால எட்டிப் பாத்தாரு. மூலை பளிச்சுன்னு இருந்துச்சு.

"எல்லாத்தையும் ஒழிச்சிட்டியா கொம்பையா?"

"ஒரு துரும்பு விடாம ஒழிச்சாச்சு வைத்தியரே. எனக்கு அதுல என்ன ஆச?"

பின்வாசல்ல ஆவுட நின்னா, கிண்ணத்தோட. கொம்பையா அவளப் பாத்ததும், "நீ பேசாம..."ன்னு தொடங்குனான். இந்தத் தடவ அவ முந்திக்கிட்டா.

"ஒழிக்கல வைத்தியரே. எங்க கோழிக்கூட்டுக்குப் பின்னால, அந்தக் கல்லு வேலி ஓரமா அடுக்கி வச்சிருக்காரு, ஒரு நாளைக்கு ஆகுமாம். அந்த அடி போன கடகப்பெட்டி மேலதான் நேத்துல இருந்து எங்க வீட்டுக்காரர் துண்டப் போடுதாரு."