தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

முன்னொரு காலத்தில் நெய்தல்கோட்டை என்னும் நாட்டைக் கனகமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அவனுக்கு முன்னால் கடல் கடந்து வந்த துரைமார்கள் ஆண்டார்கள். ஊர் ஊராகச் சாலை போட்டார்கள். எல்லாச் சாலையும் துறைமுகத்துக்கே போகும். பக்கத்து ஊருக்குப் போக ஒற்றையடிப் பாதைகூடக் கிடையாது. சோளம் விளைந்த காட்டில் பருத்தி போடச் சொன்னார்கள். பருத்தி கப்பலேறியது. ஒருநாள் துரைமார்களும் கப்பலேறினார்கள். போகும்போது கனகமாறன் தலையில் ஒரு கிரீடத்தையும் கையில் ஓர் ஒப்பந்தத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள். வெளிநாட்டுச் சரக்கு எதுவானாலும் துரைமார் கப்பலில் ஏறி, துறைமுகம் வழியாகத்தான் நாட்டுக்குள் வரவேண்டும் என்பது ஒப்பந்தம். கிரீடம் பளபளத்ததால் ராஜா மற்றதைக் கவனிக்கவில்லை.

ராஜாவின் சபையில் ஒப்பந்தத்தைக் கட்டிக் காத்தவர் வித்தகராயர். துரைமார் நாட்டில் படித்துவிட்டு வந்தவர். கத்திரி வெயிலிலும் கம்பளிச் சட்டை போடுவார். ஒவ்வொரு கப்பலிலும் அவருக்குப் பங்கு உண்டு என்பது ராஜாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ராஜா எப்போதாவது யோசனை கேட்பது முதன்மந்திரி ஆதப்பனிடம்தான் என்பதால், அவரைக் கண்டாலே ராயருக்கு ஆகாது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வடக்கெல்லையில் கூவல்மேடு என்று ஓர் ஊர். காடு முழுக்கப் பருத்தி. பருத்தியைத் தின்ன முடியுமா? ஊரை ஒட்டி மணலாறு, அதற்கு அக்கரை பொழில்நாடு. அங்கே களம் களமாகச் சோளம் குவிந்து கிடந்தது. பருத்தி கொடுத்துச் சோளம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அக்கரைக்காரர்கள் கூப்பிட்டும் பார்த்தார்கள். ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. ஆனால் கரையில் ராஜாவின் காவலர்கள் ஈட்டியோடு நின்றார்கள்.

அந்த ஊர்ப் பூவாயி நடந்தே வந்து சபையில் நின்றாள்.

"சாமி, எங்க புள்ளைங்க புளியங்கொட்டையை வறுத்துத் தின்னுதுங்க. அதுவும் தீரப்போவுது. அக்கரையில சோளம் கண்ணுக்குத் தெரியுது. காவக்காரங்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்க, போதும்."

ராயர் சிரித்தார். அந்தச் சோளம் முறைப்படி பொழில்நாட்டுத் துறைமுகம் போய், துரைமார் நாட்டுக்குக் கப்பலேறி, அங்கே தரம் பார்க்கப்பட்டு, நம் துறைமுகத்தில் இறங்கி, சாலை வழியாகக் கூவல்மேட்டுக்கு வரும் என்றார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான் நாகரிகம் என்று மட்டும் சொல்லவில்லை. ஆதப்பன் மறுத்துப் பேச எழுந்தார். ராஜா கையை உயர்த்தித் தடுத்தான்.

"ஒப்பந்தத்துக்கு எதிராக ஒரு சொல்லும் கேட்பதில்லை என்று துரைமாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அமைச்சரே. அது தப்பென்றால் பேசாமலே எனக்குக் காட்டும். நாளை பொழுது சாய்வதற்குள் காட்டாவிட்டால், பதவியைக் கழற்றி வைத்துவிட்டு, இவளோடு போய் நீரும் புளியங்கொட்டை தின்னும்."

"உத்தரவு மன்னா. பேசமாட்டேன். ஒப்பந்தப்படி அப்படியே நடக்க மட்டும் அனுமதி வேண்டும்" என்றார் ஆதப்பன்.

மந்திரி பணிந்துவிட்டார் என்று ராயருக்கு ஒரே குஷி. அனுமதி கொடுக்கச் சொல்லி அவரே சிபாரிசும் செய்தார்.

மறுநாள் மத்தியானம் ராஜா தலைவாழை இலை முன் உட்கார்ந்தான். பக்கத்தில் ராயர். சுவருக்கு அந்தப் பக்கம் சமையற்கட்டு. நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை வந்தது, சோறு வரவில்லை. நடுக்கதவின்மேல் புதிதாக ஒரு திரை தொங்கியது. ஆதப்பன் அதன் அருகே கைகட்டி, வாய்பொத்தி நின்றார். ராஜா இலையைத் தட்டினான்.

பரிமாறுகிறவர் சொன்னார்: "மன்னா, சமையற்கட்டு மகாராணிக்குப் பொழில்நாட்டார் கொடுத்த சீதனம். அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாமே பொழில்நாட்டுச் சரக்கு. அதனால் சாப்பாடு ஒப்பந்தப்படி பின்வாசல் வழியாகத் துறைமுகத்துக்குப் போயிருக்கிறது. கப்பலேறி, கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும்."

இந்தக் கதவைத் திறந்தால் என்ன என்று ராஜா ராயரைக் கேட்டான். கம்பளிச் சட்டைக்குள் ராயருக்கு நன்றாகவே வேர்த்தது. கதவைத் திறக்கலாம் என்றால் ஆற்றையும் திறக்கவேண்டுமே என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டார். முறை என்று ஒன்று இருக்கிறது, சற்றுப் பொறுக்கவேண்டும் என்றார்.

ராஜா பொறுத்தான். தண்ணீர் குடித்தான், மறுபடியும் தண்ணீர் குடித்தான். இலை வாடிச் சுருண்டது. வெயில் தாழ்ந்தபின் சாப்பாடு வந்தது. பாயசம் திரிந்திருந்தது. அப்பளம் ஈரத்துணியாகத் தொங்கியது. சோற்றில் மணல். வடை ஒன்றுகூட இல்லை. கப்பல்காரர் பங்கும் ராயர் பங்கும் வழக்கப்படி வழியிலேயே எடுக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ராயர் பங்கு என்ற பேச்சு ராஜாவின் காதில் விழுந்தது அன்றுதான்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். துரைமாருக்குக் கொடுத்த வாக்கும் அந்தப் பத்தோடு பறந்தது. ராஜா எழுந்துபோய்த் திரையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவை உதைத்தான்.

உள்ளேயிருந்து பூவாயியின் குரல் வந்தது. "உதைக்காதீங்க சாமி, காலு வலிக்கும். தாழ்ப்பா உங்க பக்கந்தான் இருக்கு."

பிறந்ததிலிருந்து ஒரு கதவையும் தன் கையால் திறந்தறியாத ராஜா குனிந்து பார்த்தான். இருந்தது. இழுத்தான், திறந்தது. அடுப்பில் இன்னொரு பானைச் சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில், ஆதப்பன் அங்கே தங்கவைத்திருந்த பூவாயி உட்கார்ந்திருந்தாள். ஊரில் பிள்ளைகள் பட்டினி கிடக்க, அவளுக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை.

"ஆத்தங்கரையில நிக்கிறதும் உங்க ஆளுங்கதான் சாமி" என்றாள்.

காவலை விலக்கச் சொல்லி அந்த நிமிஷமே குதிரைக்காரன் புறப்பட்டான். ராயரின் வீடு அரண்மனைக்கு நேர் எதிரே இருந்தது. இனி அவர் வீட்டுக்குப் போவதும் வருவதும் துறைமுகம் வழியாகத்தான் என்று ராஜா ஆணையிட்டான். ஆதப்பனுக்குப் பொன்னாடை போர்த்தி, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டான். அந்தத் தாழ்ப்பாளைக் கதவிலிருந்து கழற்றிக் கொடுத்தால் போதும் என்றார் ஆதப்பன். ஏன் என்று கேட்க ராஜாவுக்குத் தோன்றவில்லை. வாய் நிறையச் சோறு.

அப்புறம் மணலாற்றங்கரையில் ஒரு கல் நட்டார்கள். இந்த வழியைக் கண்டுபிடித்தவர் மாமன்னர் கனகமாறர் என்று அதில் வெட்டியிருந்தது. கூவல்மேட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் அக்கரையிலிருந்து சோளமூட்டை சுமந்து வருகிறவர்கள் இறக்கிவைத்து இளைப்பாற, கல் நல்ல உயரம்.