சிட்டு ஊன்றிய கால்

ஓர் ஆட்டுக்காக மூன்று பேர் மல்லுக்கு நின்ற கதை இது. அந்த ஆடு புல் தின்னாது, பாலும் தராது, கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. அதனால் என்ன, வழக்கு வழக்குதான். காதைக் கொடுத்துக் கேளுங்கள், தீர்ப்பு சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கோயம்புத்தூரில் ஒரு சிறிய அனிமேஷன் ஸ்டுடியோ. சிட்டு என்ற ஆட்டுக்குட்டியை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். சிட்டுவுக்கு இடது முன்னங்கால் நொண்டி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனால் அடுத்தது முழு நீளப் படம், அதில் சிட்டுவின் பொறுப்பு முழுக்க ஒருவரிடமே என்று டைரக்டர் தணிகாசலம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பர்வீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிட்டு வேறு கைக்குப் போனால் தாங்கவே முடியாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவள் ஆசையில் நியாயம் இருந்தது. கீஃப்ரேம் என்பது அசைவின் நடுவே நிறுத்திவைக்கும் முக்கியமான நிலை. இரண்டு கீஃப்ரேம்களுக்கு இடையில் உள்ளதைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும். சிட்டு நிற்கும் முதல் போஸை அமைத்தவள் பர்வீன்தான். இடது காலை லேசாகத் தூக்கி, உடம்பின் பாரத்தை வலது காலில் இறக்கி, பார்த்தவர்கள் ‘ஐயோ பாவம்’ என்னும்படி நிறுத்தியிருந்தாள். வழக்கப்படி அதைப் பொது ஃபோல்டரில் போட்டாள். அங்கே போட்டதை யார் வேண்டுமானாலும் காப்பி செய்யலாம். அப்புறம் ‘என்னுடையது’ என்று பேச்செடுக்கக் கூடாது. அது அந்த ஸ்டுடியோவின் எழுதாத சட்டம்.

சிட்டு வாய்க்காலைத் தாண்டிக் குதிக்கும் காட்சி சேவியருக்கு வந்தது. பர்வீனின் போஸைக் காப்பி செய்து, தரையில் இறங்கும் கீஃப்ரேமில் ஒட்டினான். அங்கேதான் வினை. சேவியர் வருஷக்கணக்காக மனிதர்களை நடக்கவைத்தவன். நடையில் வலது எட்டின் போஸை இடம் வலமாக மாற்றி ஒட்டினால் இடது எட்டு தயார். பழகிய கை இங்கேயும் மாற்றி ஒட்டிவிட்டது. நொண்டிக் காலில் முழுப் பாரத்தையும் ஊன்றிக்கொண்டு இறங்கியது சிட்டு! சேவியர் கவனிக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

பிழை திருத்துவது அருள்மொழியின் வேலை. பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். சரிசெய்ய ஒரு நொடி போதும். ஆனாலும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தாள். பிறகு, ஊன்றிய கீஃப்ரேமை அடுத்துப் புதிதாக ஒன்றை வைத்தாள். அதில் சிட்டு அசையாமல் நின்று, கழுத்தைத் தாழ்த்தி, தன் இடது காலைப் பார்த்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

படம் போட்ட அன்று ஹால் கொள்ளாத பிள்ளைகள். சிட்டு பாய்ந்தது, இறங்கியது. பர்வீனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “போச்சு, காலை மாத்திட்டாங்க!” ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. சிட்டு குனிந்து தன் காலைப் பார்த்தது. அவ்வளவுதான், “ஊனிருச்சு! ஊனிருச்சு!” என்று பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள். விசில் பறந்தது. பர்வீனும் தன்னை மறந்து எழுந்து கத்திக்கொண்டிருந்தாள்.

நடந்ததை அருள்மொழி தணிகாசலத்திடம் சொன்னதும், சிட்டு யாருக்கு என்று பஞ்சாயத்து ஆரம்பித்தது.

“போஸ் என்னோடதுங்க சார். அது நொண்டுறதை நான் காட்டலைன்னா, ஊனுனதுக்கு யாருங்க கைதட்டுவாங்க?” என்றாள் பர்வீன். பொது ஃபோல்டர் சட்டம் அந்த நேரம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“ஊன வெச்சது நானுங்க” என்றான் சேவியர். காலை மாற்றியதே சற்றுமுன்தான் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னான்.

அருள்மொழி தயங்கினாள். “தப்பைத் திருத்தத்தான் என்னை வெச்சிருக்கீங்க. தெரிஞ்சே விட்டுட்டேனுங்க. ஆனா சிட்டுவைக் குடுத்தீங்கன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.”

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். “ஏம்மா பர்வீன், ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கறவ நீதான். நீயே சொல்லு, அதுதான் முடிவு.”

பர்வீன் ‘எனக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிட்டு அவளுடையது.

போஸை அமைத்தவள் ஒருத்தி, தெரியாமல் மாற்றியவன் ஒருவன், தெரிந்தே விட்டவள் ஒருத்தி. பர்வீனின் இடத்தில் இருந்தால் நீங்கள் யார் பெயரைச் சொல்வீர்கள்? சிட்டு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பிள்ளைகள் எப்போது கத்தினார்கள் என்று பாருங்கள். கால் ஊன்றியபோது ஹாலே ஊமையாக இருந்தது. சிட்டு குனிந்து பார்த்த பிறகுதான் கூரை அதிர்ந்தது. பர்வீனும் அப்போதுதான் எழுந்தாள், அது அவளுக்கே தெரியும். “அருளுக்குக் குடுத்துருங்க சார். நான் செஞ்சது நொண்டிக் காலு. சேவியர் செஞ்சது கைத்தவறு. ஊனிட்டோம்னு சிட்டுவுக்கே தெரிய வெச்சது அருளு” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அருள்மொழி பக்கம் திரும்பினாள். “அந்தக் குனியுற போஸை இன்னைக்கே பொது ஃபோல்டர்ல போட்டுரு. எனக்கு வேணும்.”