நடு வெறிச்சோடிய விண்மீன் மண்டலம்

இருதயராஜ் ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்று அறுபதில் மாணவரானார். இயற்பியல் வாத்தியாராக முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்தவருக்கு ஆய்வு வழிகாட்டியாக வாய்த்தது யார் என்கிறீர்கள்? அவரிடம் பத்தாம் வகுப்பு படித்த தமயந்தி. மலை மேலிருந்த அந்த வானாய்வு மையத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறர் முன்னால் அவளை "மேடம்" என்றே கூப்பிட்டார்.

அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு விசித்திரமான விண்மீன் மண்டலம். மற்றவை நடுவில் பளீரென்று இருக்கும். இது உளுந்து வடை மாதிரி. நடுவில் மங்கல்.

முதல் வருஷம் அவர் அதை நம்பவே இல்லை. கேமராவில் தூசி விழுந்தால் படத்தில் வளையமாக நிழல் தட்டும். இதுவும் அதுதான் என்று மூன்று முறை கேமராவைக் கழற்றித் துடைக்க வைத்தார். தொலைநோக்கி ஆபரேட்டர் மூக்கால் அழுதார். தூசி போயிற்று, மங்கல் போகவில்லை.

அடுத்த இரண்டு வருஷம் அந்த நடுவில் கருந்துளையைத் தேடினார். அத்தனை பெரிய மண்டலத்துக்குக் கோடிக்கணக்கான சூரியன்களின் கனத்தில் ஒன்று இருந்தே தீர வேண்டும். இல்லை.

நான்காம் வருஷம் ஒரு பிற்பகலில், ஆய்விலிருந்து விலகிக்கொள்வதாக எழுதிய கடிதத்தோடு தமயந்தியின் அறைக்குப் போனார்.

"என்ன சார் இது?"

"படிச்சுப் பாருங்க மேடம்."

படித்தாள். "இங்க வேற யாரும் இல்ல. மேடத்தை விடுங்க."

"சரிம்மா. கருந்துளையை எடை போடப் போறேன்னு கிளம்பினேன். அங்க ஒண்ணுமே இல்ல. இல்லாததைப் பத்தி என்ன எழுதுறது?"

"முன்னாடி இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும். ரெண்டு மண்டலம் மோதி, ரெண்டு கருந்துளையும் ஒண்ணையொண்ணு சுத்திச் சுத்தி, பக்கத்துல இருந்த விண்மீனையெல்லாம் தள்ளி விட்டிருக்கும். கடைசியில ரெண்டும் ஒண்ணாகி, அந்த உதைப்புல அதுவே மண்டலத்தை விட்டு வெளிய போயிருக்கும். போனது போனதுதானே?"

அவர் எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஊர் ஊரா மாத்தி மாத்தி முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். எங்கயும் எதுவும் நிக்கல. இதாவது என் பேர் சொல்லும்னு பார்த்தேன்."

தமயந்தி கடிதத்தை மடித்தாள்.

"எங்க ஸ்கூல்ல உங்களுக்கு நடுவருஷத்துல மாற்றல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"நவம்பர் மாசம். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகக்கூட நேரம் குடுக்கல."

"வாளியில தண்ணி ஊத்தி, கயித்துல கட்டி, வகுப்பு நடுவுல நின்னு தலைக்கு மேல சுத்துவீங்க. மண்டை உடையும்னு நாங்க பெஞ்சையெல்லாம் நாலு பக்கமும் சுவரோரமாத் தள்ளுவோம்."

இருதயராஜ் தன்னை மறந்து சிரித்துவிட்டார். வியர்வையில் நனைந்த சட்டை, கையை அறுக்கும் கயிறு, நாற்பது பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் ஒரே நொடியில் வந்தன. அந்த வகுப்பறைக்கு இன்னொரு முறை போக முடியாதா என்று மனசு ஏங்கியது.

"ஒரு சொட்டு சிந்தாது!" என்றார்.

"சிந்தும் சார். நாங்கதான் சொல்லல."

"அப்படியா?"

"அப்புறம் புது சார் வந்தார். வாளியும் இல்ல, கயிறும் இல்ல. பெஞ்சை நடுவுக்கு இழுங்கன்னு தினமும் கத்துவார். இழுப்போம். மறுநாள் பார்த்தா எல்லாம் சுவரோரமாக் கிடக்கும். யார் தள்ளினதுன்னு யாரும் வாயைத் திறக்கல. பரீட்சை வரைக்கும் வகுப்புக்கு நடுவுல அந்த இடம் காலியாவே கிடந்துச்சு."

இருதயராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெறும் காலி இடம். அதை வெச்சு என்னம்மா செய்ய முடியும்?"

"ஒரு டேப் எடுத்து அளந்திருந்தா, உங்க கயிறு எவ்வளவு நீளம்னு புது சாருக்குத் தெரிஞ்சிருக்கும்."