அரைத் திருகு மூடி

கோமதிநாயகத்துக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று. சங்கரன்கோவிலில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்திய வாத்தியார், ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் முன்னால் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று. அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

குருவின் பெயர் வடிவாம்பாள். ஊருக்கு வெளியே ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கேட்கலாம். பதில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காலில் விழுந்தால் மட்டும் நிச்சயமாகத் திட்டு கிடைக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோமதிநாயகம் அவருக்குப் போன் செய்தார்.

"அம்மா, இன்னைக்குக் கோவில்பட்டி போகணும்னு சொன்னேன்லா? நேத்து சாயந்திரம் கடைத்தெருவுல காரோட ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சிட்டு. வண்டியத் தள்ளிக்கிட்டுதான் வீடு வந்தோம். அண்ணன் இதைச் சகுனம்னு சொல்லுதாரு. இன்னொரு நாள் போய்க்கலாம்ங்காரு."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"எனக்கும் அதான் சரின்னு படுது."

குரு போனை வைத்துவிட்டார்.

கோவில்பட்டியில் கோமதிநாயகத்தின் மகள் செண்பகம் இருந்தாள். மாப்பிள்ளை கை நீட்டியது இது மூன்றாவது முறை. அவளுடைய போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினாள். "அப்பா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். உடனே சொந்தக்காரர்கள் கூடினார்கள். கோமதிநாயகம் போய்த் தணிவாகப் பேசி, மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்தி, செண்பகத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்தார்கள். அவர்களுக்கென்ன, அடி விழுவது அவர்கள் முதுகில் இல்லையே.

ஒரு மணி நேரத்தில் வடிவாம்பாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தோளில் கருவிப்பை. கையில் இரண்டு புது ஹோஸ்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பிக் கடையைத் திறக்க வைத்திருந்தார்.

"பானெட்டைத் தொறங்க சார்."

"எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்? மெக்கானிக் நாளைக்கு வந்துருவாரு."

"செண்பகம் வியாழக்கிழமையே கூப்பிட்டுட்டா."

கோமதிநாயகம் பானெட்டைத் திறந்தார்.

இரவு முழுக்க நின்றதில் எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. மேல் ஹோஸைப் பார்த்ததும் குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, அதன்மேல் கம்பி கட்டி, அதன்மேல் டேப் ஒட்டி, மறுபடியும் டியூப்.

"எத்தனை வருசமா இந்த வைத்தியம்?"

"அஞ்சு வருசம் இருக்கும். ஒழுகும்போதெல்லாம் ஒரு சுத்து சுத்துவேன்."

குரு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். திருகுவதற்கு முன்பே அது கையோடு வந்துவிட்டது.

"மூடிய ஏன் அரைத் திருகோட விட்டிருக்கீங்க?"

"ஒரு டாக்சி டிரைவர் சொன்னாரும்மா. லூசா வச்சா உள்ள அழுத்தம் சேராதாம். பழைய ஹோஸ் தாங்கும்னாரு."

"தாங்குச்சா?"

"பத்து கிலோமீட்டர் போனா தண்ணி கொதிச்சிரும். நிப்பாட்டி நிப்பாட்டி ஊத்துவேன்."

"குக்கர் பாடம் எடுத்தது நீங்கதானே? அழுத்தம் இருந்தா தண்ணி லேசுல கொதிக்காதுன்னு பிள்ளைகளுக்குச் சொன்னது?"

கோமதிநாயகத்துக்கு முகம் சிறுத்துவிட்டது. எத்தனை பிள்ளைகளை இந்தக் கேள்விக்குப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்!

"பெயில்" என்றார் குரு.

கீழே ஒரு வாளியை வைத்து, அடியில் இருந்த திருகைத் திறந்துவிட்டார்கள். செங்கல் நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டியது. வாளி நிறையும்வரை கோமதிநாயகம் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, கோபம் வராம இருக்க ஒரு வழி சொல்லுங்க. அங்க போயி நான் ஒரு வார்த்தை விட்டுட்டேன்னா காரியம் கெட்டுப்போகும்."

"அந்தத் திருப்புளிய எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். காப்பியோடு வந்த அவருடைய மனைவி சொர்ணத்துக்கு இந்தக் கேள்வி காதில் விழுந்துவிட்டது.

"போன தடவை அங்க வாயே தொறக்கலம்மா இவரு. அவங்க பேசப் பேசத் தலைய ஆட்டிக்கிட்டு இருந்தாரு. இங்க வந்து ஒரு வாரம் என்னைய வறுத்து எடுத்தாரு. எத்தனை தம்ளர் பறந்துச்சுன்னு கேளுங்க."

"சொர்ணம், உள்ள போ!"

"பாத்தீங்களா? இப்பவும் எம்மேலதான்."

குரு காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரைப் பத்திரமாகக் கோமதிநாயகத்தின் கையிலேயே கொடுத்தார்.

ஹோஸைப் பிடித்திருந்த கிளிப்புகளைத் திருப்புளியால் தளர்த்தியாகிவிட்டது. ஹோஸ் அசையவில்லை. ரேடியேட்டர் கழுத்தோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார்.

"இழுக்காதீங்க சார். கழுத்து உடைஞ்சிரும். கத்திய வச்சு நீளவாக்குல கீறுங்க."

"கீறிட்டா திரும்பப் போட முடியாதேம்மா?"

"எதுக்குத் திரும்பப் போடணும்?"

அவர் கத்தியை வாங்கினார். ஐந்து வருடமாகச் சுற்றியதை ஒவ்வொரு சுற்றாக அறுக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஹோஸ் பிளந்து கையில் வந்தது. உட்புறம் ஊறிப்போய், உப்பி, பாளம் பாளமாக வெடித்திருந்தது. விரலால் அழுத்தினால் பிதுங்கியது.

"இது எதுனால கெட்டுச்சு?" குரு கேட்டார்.

"சூட்டுனால. அழுத்தத்துனால."

"புதுசுக்கும் அதே சூடு, அதே அழுத்தம்தான் வரப்போவுது."

கோமதிநாயகம் யோசித்துக்கொண்டே கழுத்தில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தார். மேல் ஹோஸை மாட்டினார்கள். கீழ் ஹோஸையும் குரு கழற்றச் சொன்னபோது, அது நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

"பாக்கதுக்கு நல்லாருக்கு" என்றார் குரு.

அதையும் மாற்றினார்கள். கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை ஓடவிட்டார்கள். குமிழி வந்து அடங்கியது. குரு மூடியை வைத்து, மேற்கொண்டு திரும்பாத அளவுக்கு முழுதாகத் திருகினார்.

சூடு ஏற ஏறப் புது ஹோஸ் விறைத்துக்கொண்டு வந்தது. கோமதிநாயகம் அதைத் துணியோடு சேர்த்து லேசாகப் பிடித்துப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. அவருக்குப் பதறிவிட்டது. அதே துணியோடு மூடிக்குப் பாய்ந்தார்.

குரு அவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அறுபத்திரண்டு வயது வாத்தியாரின் கையில்.

"வெந்துருவீங்க!"

"வெடிச்சிரும்மா!"

"வெடிக்காது. தள்ளி நின்னு பாருங்க."

பார்த்தார். வெப்பம் காட்டும் முள் பாதிவரை ஏறி நின்றது. மின்விசிறி தானாகச் சுழன்றது, தானாக நின்றது. கால் மணி நேரம் ஆயிற்று. தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. ஹோஸ் அப்படியே விறைப்பாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கியது. மூன்றாவது முறை கை நீட்டியவன் முகம் அவருக்கு நினைவு வந்திருந்தது. கூடவே வந்த கோபத்தை இந்த முறை அவர் விரட்டப் பார்க்கவில்லை.

குரு எஞ்சினை அணைத்துவிட்டுக் கைகளைத் துடைத்தார்.

"இனி நீங்க கெளம்பலாம் சார்."

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலியேம்மா."

"டிக்கியத் தொறங்க. பைய வச்சிட்டுப் போறேன். வழியில கிளிப்பு இளகுனா வேணும்."

கோமதிநாயகம் தயங்கினார். சாவியைத் தேடுவதுபோல் மடியைத் தடவினார். சாவி காரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சொர்ணம் அதை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

டிக்கி திறந்தது. உள்ளே ஒரு முழு வாழைத்தார். இரண்டு பெரிய அல்வா டப்பா. தாம்பாளத்தில் பட்டு வேட்டி, சட்டைத் துணி, சம்பந்தியம்மாளுக்குச் சேலை. மூலையில் ஒரு கூடை நிறைய ஆப்பிள். கருவிப்பை வைக்க இடமில்லை.

"இதெல்லாம் யாருக்கு?"

"சம்பந்தி வீட்டுக்கு. வெறுங்கையோட போனா மரியாதையா இருக்காதுன்னு அண்ணன் சொன்னாரு."

குரு பையைத் தோளில் போட்டபடி நின்றார்.

"இம்புட்டையும் ஏத்திக்கிட்டுப் போறீங்க. வரும்போது செண்பகத்தோட பெட்டிய எங்க வைப்பீங்க?"

கோமதிநாயகம் குனிந்து, வாழைத்தாரை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார்.